எறும்பு ஓடும்போது வரிசை செருகாதீர்கள்!

(இந்த முறை தபால் பையைக் கவிழ்த்தால் பாதிக்கு மேல் சிங்கப்பூரின் மார்சிலிங் வட்டாரக் கடிதங்கள். அத்தனையும் எக்செல் புலம்பல். மாதக் கடைசி, சம்பளப் பட்டியல் நேரம் என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.)

உபயப் பட்டியல் எழுதும் கோயில் தொண்டர், மார்சிலிங் ரைஸ்

கே: அன்னதான உபயதாரர் பட்டியலை எக்செல்லில் வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு காலி வரிசை வேண்டும் என்று ரைட் கிளிக் செய்து ‘இன்சர்ட்’ கொடுத்தேன். காலி வரிசை வரவில்லை. மேலே ஏற்கெனவே இருக்கிற ஓர் உபயதாரர் மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டார். 101 வெள்ளி கொடுத்தவர் 202 வெள்ளி கொடுத்ததாகக் கணக்கு காட்டுகிறது. இது என்ன மாயம்?

ப: புண்ணியம் அவருக்கு இரட்டிப்பு, வம்பு உங்களுக்கு. நீங்கள் தட்டியது ‘இன்சர்ட்’ இல்லை ஐயா, ‘இன்சர்ட் காப்பிட் செல்ஸ்’. சற்று முன்னால் ஏதோ வேலையாக அவருடைய வரிசையைக் கன்ட்ரோல்-சி கொடுத்து நகலெடுத்து, வேறெங்கோ ஒட்டியிருக்கிறீர்கள். வேலை முடிந்தது என்று நீங்கள் நினைத்தீர்கள். எக்செல் நினைக்கவில்லை. நகலைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றது. அது அப்படி நிற்கும்வரை, மெனுவில் ‘இன்சர்ட்’ இருக்க வேண்டிய அதே இடத்தில் ‘இன்சர்ட் காப்பிட் செல்ஸ்’ வந்து நிற்கும். நாற்காலி ஒன்றுதான், ஆள் மாறிவிட்டார். பழகிய விரல் நாற்காலியைத்தான் பார்க்கும், யார் உட்கார்ந்திருக்கிறார் என்று படிக்காது. மூன்று வரிசைகளை நகலெடுத்திருந்தால் மூன்று பேர் திரும்ப வந்திருப்பார்கள். ஒருவரோடு போயிற்றே!

அதே தொண்டர், அதே கடிதத்தின் பின்பக்கம்

கே: பரிகாரம்?

ப: எஸ்கேப். விசைப்பலகையின் இடது மேல் மூலை. செருகுவதற்கு முன்னால் ஒரு தட்டு. தேங்காய் உடைக்க வேண்டியதில்லை.

கப்பல் பட்டறையில் பட்டியல் போட்டே ஓய்வு பெற்றவர், மார்சிலிங் டிரைவ்

கே: மெனு, மவுஸ் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு. நான் கன்ட்ரோலோடு பிளஸ் அழுத்துகிற ஆள். எனக்கும் இந்த ஆபத்து உண்டா?

ப: உங்களுக்குத்தான் அதிகம். மெனுக்காரருக்காவது பெயர் மாறியிருப்பதைப் படிக்க ஒரு வாய்ப்பு இருந்தது. உங்கள் குறுக்குவழியில் படிப்பதற்கே ஒன்றுமில்லை. கையில் நகல் இல்லையென்றால் அதே விசை காலி வரிசை தரும், நகல் இருந்தால் நகலைச் செருகும். முழு வரிசையை நகலெடுத்திருந்தால் ஒரு கேள்வியும் கேட்காமல் செருகும்.

இன்னொரு பொறியும் உண்டு. எதையோ நகலெடுத்துவிட்டு, மனம் மாறி, பழக்க தோஷத்தில் என்டர் தட்டுவீர்கள் பாருங்கள், அதுவும் ‘ஒட்டு’ என்றுதான் எக்செல்லுக்குக் கேட்கும். நின்ற இடத்தில் நகலை ஒட்டிவிட்டுத்தான் அது ஓயும். கீழே என்ன இருந்தது என்று பார்க்காது.

சந்தேகப் பிராணி, உட்லண்ட்ஸ் ஸ்திரீட் 12

கே: நகல் இன்னும் அதன் கையில் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ப: நகலெடுத்த கட்டங்களைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு ஓடிக்கொண்டே இருக்குமே, அதுதான் அடையாளம். ‘ஊரும் எறும்புகள்’ என்று கணினிக்காரர்கள் அதற்குச் செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். எறும்பு ஓடினால் நகல் உயிரோடு இருக்கிறது. நின்றால் இல்லை.

ஆனால் எறும்பை மட்டும் நம்பினால் ஒரு நாள் கடிபடுவீர்கள். நகலெடுத்தது ‘ஜனவரி’ தாளில், இப்போது நிற்பது ‘பிப்ரவரி’ தாளில் என்றால் எறும்புகள் ஜனவரியில்தான் ஓடும். உங்கள் கண்ணில் படாது, நகல் மட்டும் உங்கள் கூடவே வரும். திரையின் இடது அடியில் ஒரு மெல்லிய பட்டை இருக்கிறது. ‘எங்கே ஒட்டுவது என்று தேர்ந்தெடுத்து என்டர் தட்டு’ என்கிற பொருளில் அங்கே ஓர் ஆங்கில வாசகம் நின்றால், நகல் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். எக்செல்லில் அதிகம் பேர் படிக்காத வாசகம் எதுவென்று போட்டி வைத்தால் முதல் பரிசு இதற்குத்தான்.

இந்த எறும்பை ஓட விட்டவர் ஆப்பிள் நிறுவனத்தின் பில் அட்கின்சன். 1984இல் மேக்கின்டோஷோடு வந்த மேக்பெயின்ட் அவர் எழுதியது. படத்தில் தேர்ந்தெடுத்த பகுதியை எப்படிக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தவருக்கு, ஒரு மதுக்கடையில் பீர் விளம்பரப் பலகையில் அருவி ஓடுவதுபோல் விளக்குகள் நகர்ந்தது வழிகாட்டியது என்பார்கள். 2025இல் காலமானார்.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, மார்சிலிங் லேன்

கே: ஒரே விசை இரண்டு வேலை செய்வது வடிவமைப்புப் பிழை இல்லையா? எங்கள் பேராசிரியரிடம் கேட்டால் ‘பழகிக்கொள்’ என்கிறார்.

ப: பேராசிரியருக்கு மார்க் குறைத்துவிடுங்கள். உங்கள் பக்கம் ஒரு பெரிய ஆள் நிற்கிறார். வெட்டு, நகலெடு, ஒட்டு என்று இன்று உலகமே செய்கிற வேலையைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் லாரி டெஸ்லர். 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் டிம் மாட் என்பவரோடு சேர்ந்து செய்தார். டெஸ்லருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு எதிரி: ‘மோட்’. அதாவது, முன்பு என்ன செய்தாய் என்பதைப் பொறுத்து அதே விசை வேறு வேலை செய்கிற நிலை. தம் காரின் எண் பலகையிலேயே ‘நோமோட்ஸ்’ என்று எழுதி வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினார்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். எக்செல்லின் உள்ளே, நகல் கையில் இருக்கிறதா என்று குறித்துவைக்கும் இடத்துக்கு என்ன பெயர் தெரியுமா? ‘கட்காப்பிமோட்’. மோடே கூடாது என்றவர் பெற்ற பிள்ளைக்கு ‘மோட்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். டெஸ்லர் 2020 பிப்ரவரியில் மறைந்தார். ஆகவே தாயே, பிழை உங்களுடையதில்லை, எக்செல்லினுடையது. ஆனால் மாதக் கடைசியில் பட்டியலில் கையெழுத்துப் போடுவது எக்செல் இல்லையே, நீங்கள்தானே?

தினமும் கடற்பாலம் தாண்டும் கணக்கர், மார்சிலிங்

கே: எஸ்கேப் தட்ட வேண்டும் என்று தெரிகிறது, மறந்துபோகிறது. நினைவில் நிற்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.

ப: ஜோகூருக்குக் கார் எடுத்துப் போகும்போது உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பெட்ரோல் முள்ளைப் பார்க்கிறீர்கள் அல்லவா? 1989இல் அரைத் தொட்டி என்று ஆரம்பித்தார்கள், 1991 முதல் முக்கால் தொட்டி. குறைந்தால் 500 வெள்ளி வரை அபராதம், வண்டியும் திரும்ப வேண்டும். எக்செல் எல்லையில் விதி நேர்மாறு: நகல் தொட்டி காலியாக இருந்தால்தான் உள்ளே விட வேண்டும். சோதனைச்சாவடி அதிகாரியும் நீங்களே என்பதுதான் சிக்கல்.

துப்புரவு நிறுவனத்தில் சம்பளம் போடுபவர், மார்சிலிங்

கே: புதுத் தொழிலாளி சேர்ந்தால் மேல் வரிசையை நகலெடுத்து அப்படியே செருகி, பெயரை மாற்றிவிடுவேன். ஃபார்முலா, கட்டம், நிறம் எல்லாம் தானாக வந்துவிடும். நீங்கள் குற்றம் என்கிறதை நான் வேண்டுமென்றே செய்கிறேன். தவறா?

ப: தெரிந்து செய்தால் அது வித்தை. அந்த வசதியை எக்செல் வைத்திருப்பதே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். ஆனால் பெயரை மாற்றிவிட்டு, போன மாத மிகைநேரத்தை மாற்ற மறந்த நாள் ஒன்றுகூட உங்கள் வாழ்வில் இல்லையா? கடிதத்தில் அதைப் பற்றி மௌனம்.

நகலைச் செருகிய கையோடு ஒன்று செய்யுங்கள். புது வரிசையைத் தேர்ந்தெடுத்து எஃப்5 தட்டுங்கள். ‘ஸ்பெஷல்’ போங்கள். ‘கான்ஸ்டன்ட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்து டெலிட். கையால் எழுதியவை எல்லாம் அழிந்துவிடும், ஃபார்முலாக்கள் மட்டும் நிற்கும். புது ஆளுக்குப் பழைய ஆளின் மிகைநேரம் ஒட்டிக்கொள்ளாது.

அதைவிட மேலானது கன்ட்ரோல்-டி (T). பட்டியலை ‘டேபிள்’ ஆக்கிவிடும். அதன் கடைசிக் கட்டத்தில் நின்று டேப் தட்டினால் புது வரிசை பிறக்கும், ஃபார்முலாவும் தானாக இறங்கும். நகலெடுக்கும் வேலையே இல்லை, எறும்புக்கும் வேலை இல்லை. சம்பளப் பட்டியலை இன்னும் டேபிள் ஆக்காமல் வைத்திருப்பவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

அதே நிறுவனத்தில் அடுத்த மேசைக்காரர்

கே: இரண்டு முறை விழுந்த வரிசையை எப்படிக் கண்டுபிடிப்பது? மொத்தம் கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது!

ப: வராமல் என்ன செய்யும்? கூட்டல் ஃபார்முலா பாவம், அதன் எல்லைக்குள் ஒரு வரிசையைச் செருகினால் எல்லையை அகட்டி அதையும் சேர்த்துக் கூட்டும். தப்பான பட்டியலின் சரியான மொத்தம் அது. கூட்டல் ஒருநாளும் காட்டிக்கொடுக்காது. எண்ணிக்கைதான் காட்டிக்கொடுக்கும். வேலையில் 43 பேர், பட்டியலில் 44 வரிசை என்றால் 44ஆவது ஆள் எறும்போடு வந்தவர்.

யார் என்று தெரிய, வேலை அனுமதி எண் இருக்கும் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து ‘கண்டிஷனல் ஃபார்மேட்டிங்’கில் ‘டூப்ளிகேட் வேல்யூஸ்’ கொடுங்கள். இரட்டையர்கள் சிவந்து நிற்பார்கள். பெயர் நெடுவரிசையில் இதைச் செய்யாதீர்கள். ஒரே நிறுவனத்தில் இரண்டு முருகன் இருப்பது குற்றமில்லை. ‘ரிமூவ் டூப்ளிகேட்ஸ்’ என்ற பொத்தான் பக்கமும் அவசரப்பட்டுப் போகாதீர்கள். அது எந்த வரிசை என்று காட்டாமலே தூக்கும் ரகம். முதலில் கண்ணால் பாருங்கள், பிறகு கையால் நீக்குங்கள்.

சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் போட வேண்டும், 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டும் கொடுத்தாக வேண்டும், மத்திய சேமநிதிக்கு அடுத்த மாதம் 14ஆம் தேதி வரைதான் அவகாசம். இந்த ஓட்டத்தில்தான் எறும்பு கண்ணில் படாமல் போகிறது. வரிசைகளை எண்ணும் ஒரு கட்டத்தைப் பட்டியலின் உச்சியிலேயே நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

சில்லறைச் செலவுப் புத்தகம் பார்ப்பவர், அட்மிரல்ட்டி

கே: நான் எஸ்கேப் தட்டித்தான் வரிசை சேர்த்தேன், ஃபார்முலாவையும் போட்டேன். ஆனாலும் கையிருப்பு உதைக்கிறது. மார்சிலிங்காரர்களுக்கு மட்டும்தான் பதிலா?

ப: அட்மிரல்ட்டிக்கும் உண்டு. உங்கள் நோய் வேறு. ஒவ்வொரு வரிசையிலும் ‘மேல் வரிசையின் கையிருப்பு, கூட்டல் வரவு, கழித்தல் செலவு’ என்று ஃபார்முலா வைத்திருப்பீர்கள். ஐந்தாம் வரிசைக்கும் ஆறாம் வரிசைக்கும் நடுவில் புதியது ஒன்றைச் செருகினால் பழைய ஆறு ஏழாகிவிடும். ஆனால் அது இன்னமும் ஐந்தாம் வரிசையின் கையிருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். நடுவில் வந்தவரைத் தாண்டிக் குதிக்கும். புது வரிசைக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ள வரிசைக்கும் ஃபார்முலாவை மறுபடி இழுத்துவிடுங்கள்.

மேக்ரோ எழுதத் தெரிந்த தம்பி, மார்சிலிங் கிரசன்ட்

கே: காலி வரிசை செருகி, பிறகு தலைப்பு வரிசையை நகலெடுத்து ஒட்டும் மேக்ரோ ஒன்று எழுதினேன். முதல் சுற்றில் சரியாக ஓடுகிறது. இரண்டாம் சுற்றிலிருந்து காலி வரிசை வர வேண்டிய இடமெல்லாம் தலைப்பு வருகிறது. கணினி பழசு என்பதாலா?

ப: கணினி மேல் பழி போடாதீர்கள் தம்பி. முதல் சுற்றில் ‘இன்சர்ட்’ வரும்போது நகல் எதுவும் கையில் இல்லை, காலி வரிசை கிடைத்தது. அந்தச் சுற்றின் கடைசியில் தலைப்பை நகலெடுத்து ஒட்டினீர்கள். ஒட்டியபின்னும் நகல் நிலை அணையவில்லை. இரண்டாம் சுற்றின் ‘இன்சர்ட்’ அந்த நகலைத்தான் செருகும். மேக்ரோவில் ‘இன்சர்ட்’ என்று எழுதினால், நகல் கையில் இருக்கும்வரை அதற்கு ‘நகலைச் செருகு’ என்றே பொருள்.

செருகும் வரிக்கு மேலே ஒரு வரி: அப்ளிகேஷன் டாட் கட்காப்பிமோட் ஈக்குவல் டு ஃபால்ஸ். எஸ்கேப் விசையை மேக்ரோ தட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டும் வரிக்குக் கீழே போட்டால் போதாதா என்பீர்கள். போதாது. உங்கள் மேக்ரோ தொடங்கும் முன்பே, அதை ஓட்டுகிற அக்கா எதையாவது நகலெடுத்து வைத்திருக்கலாம். உங்கள் மேசையில் சரியாக ஓடிய மேக்ரோ அவர் மேசையில் சொதப்பும். ‘எனக்கு ஓடுகிறதே அக்கா’ என்று நீங்கள் சாதிப்பீர்கள். பாவம் அவர். அதனால் செருகும் வரியின் தலைமேலேயே அது இருக்கட்டும்.

நகலெடுக்கும் வரியிலேயே எங்கே போய் விழ வேண்டும் என்று ‘டெஸ்டினேஷன்’ கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. நகல் நேராகப் போய்ச் சேரும், யார் கையிலும் தங்காது. வெறும் மதிப்பு மட்டும் போதுமென்றால் இந்தக் கட்டத்தின் மதிப்பு அந்தக் கட்டத்தின் மதிப்புக்குச் சமம் என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது, நகலே வேண்டாம்.

தம்பியின் நண்பர்

கே: ஃபால்ஸ் என்பதற்குப் பதிலாக ட்ரூ என்று போட்டால் நகல் திரும்ப வந்துவிடுமா?

ப: வராது. அதுவும் அணைக்கத்தான் செய்யும். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் ஒரே பலன் என்று மைக்ரோசாஃப்டின் ஆவணமே சொல்கிறது. திருமணமான வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அக்கா, அதே அலுவலகம்

கே: தம்பியின் மேக்ரோ சொதப்பியதும் கன்ட்ரோல்-ஸெட் அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லையே?

ப: நடக்காது அக்கா. கையால் செய்த செருகலை கன்ட்ரோல்-ஸெட் திருப்பும். மேக்ரோ தாளைத் தொட்டுவிட்டால் பின்னால் போகும் பாதையையே எக்செல் அழித்துவிடும். தம்பியின் பொத்தானை அழுத்துவதற்கு முன் கோப்பைச் சேமித்து வையுங்கள். கெட்டுப்போனால் சேமிக்காமல் மூடிவிட்டு மறுபடி திறக்கலாம்.

அலட்சியப் பேர்வழி, தேக்கா

கே: ஒரு வரிசை கூடினால், குறைந்தால் உலகம் மூழ்கிவிடுமா? எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?

ப: கனடாவின் கால்கரி நகரில் டிரான்ஸ்ஆல்டா என்றொரு மின்சார நிறுவனம். 2003இல் நியூயார்க் மின்கடத்தல் ஒப்பந்தங்களுக்கு ஏலம் கேட்டது. ஏலத் தொகைகளை எக்செல்லில் வெட்டி ஒட்டும்போது வரிசை பிசகிவிட்டது. ஓர் ஒப்பந்தத்துக்கான விலை இன்னொன்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. யாரும் பார்க்கவில்லை, ஏலம் போய்விட்டது. தேவைக்கு அதிகமான ஒப்பந்தங்களை, கொடுக்கக் கூடாத விலையில் வாங்கிக்கொண்டு நின்றார்கள். நஷ்டம் 24 மில்லியன் அமெரிக்க டாலர். எங்கள் வெட்டி ஒட்டும் பிழைதான் காரணம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது.

2012இல் ஜேபி மார்கன் வங்கி லண்டனில் 6 பில்லியன் டாலருக்கு மேல் இழந்ததும் உலகத்துக்குத் தெரியும். நஷ்டத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் ஆபத்தைக் கணக்கிடும் முறையே எக்செல் தாளிலிருந்து தாளுக்குக் கையால் நகலெடுத்து ஒட்டும் வேலையாக இருந்தது என்று வங்கியின் சொந்த விசாரணை அறிக்கை எழுதியது. உங்களுக்கு தேக்காவில் காய்கறிக் கடையா? அப்படியானால் மூழ்காது. வெண்டைக்காய்க் கணக்கு மட்டும் வழவழக்கும்.

கோபக்காரர், மார்சிலிங் சாலை

கே: எறும்பும் இல்லை, நகலும் இல்லை. ஆனாலும் வரிசையைச் செருக முடியாது என்று எக்செல் முரண்டு பிடிக்கிறது!

ப: தாளின் அடிமட்டத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. எக்செல் தாளுக்கு 1,048,576 வரிசைகள். கடைசி வரிசையில் ஏதாவது எழுதியிருந்தால், நடுவில் ஒன்றைச் செருகும்போது அது விளிம்பைத் தாண்டி விழ வேண்டும். தகவலைக் கீழே தள்ள எக்செல் சம்மதிக்காது. கன்ட்ரோல்-எண்ட் தட்டி அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பட்டியலுக்குக் கீழே உள்ள வேண்டாத வரிசைகளை எல்லாம் தேர்ந்தெடுத்து நீக்கிவிட்டுச் சேமியுங்கள், வழிக்கு வரும்.

2007க்கு முந்தைய கோப்பு வடிவத்தில் இந்த எல்லை 65,536தான். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு கொரோனா முடிவுகளை அந்தப் பழைய வடிவக் கோப்பில் வாங்கியது. எல்லையைத் தாண்டிய வரிசைகள் சத்தமில்லாமல் உதிர்ந்தன. ஒரு வாரத்தில் 15,841 தொற்றுகள் கணக்கில் ஏறவில்லை, அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. உங்கள் எக்செல் முரண்டாவது பிடிக்கிறது. கோபப்படாமல் நன்றி சொல்லுங்கள்.

கூகுள் பக்தர், உட்லண்ட்ஸ்

கே: கூகுள் ஷீட்ஸில் இந்தத் தொல்லையே கிடையாது, தெரியுமா?

ப: தெரியும். அங்கே எதை நகலெடுத்திருந்தாலும் வரிசையைச் செருகச் சொன்னால் காலி வரிசைதான் வரும். இந்த ஒரு விஷயத்தில் கூகுளுக்கு என் ஓட்டு. ஆனால் அடுத்த மேசைக்காரர் உங்கள் தாளிலேயே வந்து, உங்கள் கண் முன்னாலேயே வேறு வரிசையை அழிப்பார். தொல்லைக்கு ஆள் மாறும், அவ்வளவுதான்.

ஊர்ப்பற்றுள்ளவர், மார்சிலிங் ஹைட்ஸ்

கே: நகலெடுப்பதையே பாவம்போல் எழுதுகிறீர்களே!

ப: உங்கள் ஊரில் இருந்துகொண்டு நான் அப்படிச் சொல்வேனா? ரப்பர், அன்னாசித் தோட்டங்களுக்குப் பேர்போன லிம் நீ சூன், சீனத்தில் இருந்த தம் மூதாதையர் ஊரின் பெயரை எடுத்துவந்து இங்கே ஒட்டியதுதான் மார்சிலிங். அவரும் ஒரே முறைதான் ஒட்டினார். பக்கத்து ஊர் கிராஞ்சியாகவே இருக்கிறது பாருங்கள்.

துப்புரவு நிறுவனத்தின் முதலாளி

கே: என் அலுவலகத்திலிருந்தே இரண்டு பேர் உங்களுக்கு எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். எக்செல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சம்பளத்துக்கென்று பெரிய மென்பொருளாக வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

ப: வாங்குங்கள். வந்திறங்கும் முதல் நாளே இரண்டு பேரும் அதில் எந்தப் பொத்தானைத் தேடுகிறார்கள் என்று பின்னால் நின்று பாருங்கள். ‘எக்செல்லுக்கு ஏற்றுமதி’.